வயலட்டுக்குப் பெயர் எழுதாதவள்

பூக் கண்காட்சி விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது. ரகத்தின் பெயர். அந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டு யோகலட்சுமியின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார் செயலாளர் அழகுசுந்தரம்.

"நடுவரம்மா ஒங்க தொட்டிக்குத்தான் மொதப் பரிசுன்னு சொல்லிட்டாக. பேரு இல்லாட்டி ரூல் விடாதாம். ஏதாச்சும் ஒண்ண எழுதிக் குடுங்கக்கா."

முதல் பரிசு! மூன்று வருஷமாக ஆறுதல் பரிசு வாங்கி வாங்கி, வீட்டில் எவர்சில்வர் டம்ளர் வைக்க இடமில்லை. கோப்பைக்கென்று ஷோகேஸில் ஒரு தட்டையே ஒழித்து வைத்திருந்தாள். காரைக்குடி வெயிலில் ஆப்பிரிக்கன் வயலட் பிழைத்துக் கிடப்பதே பெரிய காரியம். வடக்கு ஜன்னலோரம் வைத்து, தொட்டிக்கு அடியில் திரி போட்டுத் தண்ணீர் ஏற்றி, கைக்குழந்தையைப் போலப் பார்த்ததில் இன்று நாற்பது பூ. ஊதா இதழ், ஓரத்தில் மட்டும் வெள்ளைச் சுருள். அவளுக்கும் ஆசை இல்லாமலா? தொண்டை வரைக்கும் இருந்தது.

மகள் கொடைக்கானலிலிருந்து வாங்கி வந்த தொட்டி அது. வருகிற வழியில் பஸ்ஸிலேயே லேபிள் எங்கோ விழுந்து தொலைந்தது. யோகலட்சுமி சும்மா இருக்கவில்லை. நர்சரிக்குப் போட்டோ அனுப்பிக் கேட்டாள். இதே மாதிரி நூறு ரகம் இருக்கிறது, பூவைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டாள்.

அழகுசுந்தரம் விடுவாரா? போனில் பூவின் பெயர் சொல்லும் ஆப்பைத் திறந்து படம் பிடித்தார்.

"இந்தா, சொல்லிருச்சு பாருங்க. ராயல் வெல்வெட்."

"இங்குட்டுத் திருப்பி இன்னொரு படம் எடுங்க தம்பி."

எடுத்தார். போன் இப்போது லேஸ் குயின் என்றது. மூன்றாவது படத்துக்கு இன்னொரு பெயர் சொன்னது. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் அந்தப் போனை மிஞ்ச ஆளில்லை.

"மூணுல எது நல்லா இருக்கோ அத எழுதுங்க. யாரு வந்து கேக்கப் போறாக?"

யோகலட்சுமி இடது கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். உள்ளங்கையில் ஆசிட் பட்ட தழும்பு. ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் அவள்.

"லேபிள் இல்லாத பாட்டில்ல எவனோ குத்துமதிப்பா ஒரு பேர எழுதி ஒட்டிட்டான் தம்பி. அத நம்பித் தொறந்தவ நானு. அவனும் யாரு கேக்கப் போறாகன்னுதான் நெனச்சிருப்பான்."

"அது ஆசிட்டுக்கா. இது பூவு."

"பொய்யி பொய்யிதான். நாளைக்கு நாலு பேரு எலைய வாங்கி நட்டுச் செடியாக்கினா, இந்தப் பொய்ப் பேரு நாப்பது வீட்டுக்குப் போகும். எழுத மாட்டேன்."

"அப்பக் கப்பு கெடையாது."

"கெடைக்காட்டிப் போகுது! ஒங்க கப்ப நீங்களே வச்சுக் கும்புடுங்க."

தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. கண்காட்சி மண்டப வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் செடியை வைத்தாள். ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிச் சாத்தினாள்: பெயர் தெரியாது.

உள்ளே கைதட்டல் கேட்டது. கோப்பை வேறு யாருக்கோ போய்விட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை. செருப்பு மாட்ட வந்தவர்கள் எல்லாம் பூவைப் பார்த்து நின்றார்கள். என்ன ரகம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "தெரியாது" என்றாள். பத்தாவது ஆளுக்குச் சொன்னபோது அவள் குரல் மண்டபத்துக்குள்ளேயும் கேட்டது.

கடைசியாக நடுவர் சௌபர்ணிகா வந்தார். அட்டையை நின்று படித்தார்.

"எனக்கு ஒரு இலை தருவீங்களா?"

யோகலட்சுமி ஓர் இலையைக் காம்போடு கிள்ளி, ஈரக் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் இன்னொரு தாளையும் சுற்றினாள். நடுவர் பேனாவைத் திறந்ததும் சட்டென்று தாளின்மேல் கையை வைத்து மறைத்தாள்.

"என்ன எழுதப் போறீக?"

"பெயர் தெரியாதுன்னுதான்."

யோகலட்சுமி கையை எடுத்தாள்.

"எழுதுங்க. அதுக்குக் கீழ, காரைக்குடி யோகலட்சுமி வளத்ததுன்னும் எழுதுங்க. அது எனக்கு நல்லாத் தெரியும்."