மெய்லான் பூட்டிய முதல் கம்ப்யூட்டர்

தைபே கணினிச் சந்தையின் மூன்றாம் மாடியைப் பதினோரு வருஷமாகத் துடைத்துவந்த மெய்லான், அங்கே பாகங்களை இணைத்துக் கம்ப்யூட்டர் பூட்டுகிறவர்களின் கைகளைக் கவனிக்காத நாளில்லை. ஒருநாள் அப்படியொரு கடை வைத்திருந்த இளைஞன் லின்னிடம் வேலை கேட்டாள்.

"இது தரை துடைக்கிற வேலை இல்லக்கா," என்று சிரித்தான் லின். "மத்தியானத்துக்குள்ள ஒண்ணு பூட்டிக் காட்டுங்க, பாக்கலாம்."

அவள் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டில், கணக்குப் போடும் பிராசசரைப் பதித்தாள். அதன் சூட்டைத் தணிக்கும் விசிறியைத் திருகினாள். ராம் அட்டையையும், கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்கையும் பொருத்தி, மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியின் கம்பிகளைச் சொருகினாள். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுற்றியது. பீப் பீப் என்று சத்தமும் வந்தது. திரையோ இருண்டே கிடந்தது.

"போதும், விடுங்கக்கா."

"பொறு தம்பி. விசிறி சுத்துதுன்னா கரண்ட் வருது. பீப் பீப்னு கத்துறது ராம் சரியா உக்காரலன்னுதான்."

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஓடும் வேலையை அப்போதைக்கு நினைவில் வைத்திருக்கும் அந்த அட்டையைத் தடவினாள். ஒரு முனை தூக்கியிருந்தது. கட்டைவிரல்களால் அழுத்த, டக்கென்று உட்கார்ந்தது. மறுபடி போட்டதும் திரை வெளிச்சமானது.

லின் தனக்கு வாங்கிவைத்திருந்த மாட்டுக்கறி நூடுல்ஸை அவள் பக்கம் நகர்த்தினான்.

"சாப்பிட்டுட்டு அடுத்ததை ஆரம்பிங்கக்கா."