கொலுக்குளத் தண்ணீர்

1

இந்தக் கதை முழுக்க என்னுடையதல்ல. டில்லி மயூர் விஹாரில் ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். பொம்மைகளுக்கு முன்னால் குளம் வைத்திருந்தார்கள். அகலமான தாம்பாளம், சுற்றிலும் மணலில் முளைத்த வெந்தயம், நடுவில் காளிங்கன்மேல் கண்ணன். ஒரு குழந்தை குனிந்து பார்த்து, "ஆன்ட்டி, மீன்!" என்றது. கொசுப்புழு. வீட்டு அம்மாள் கண்ணனை எடுத்து வைத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவந்து எங்களுக்குச் சுண்டல் கொடுத்தார். நடந்தது அவ்வளவுதான். அவர் கொட்டாமல் இருந்திருந்தால் என்பது மட்டும் நான் சேர்த்தது.

2

வத்சலாவுக்குக் கொசு என்றால் [இந்த வரியை அடித்துவிட்டேன்.]

தொண்ணூற்றாறு அக்டோபரில் டில்லி முழுவதும் [செய்தித்தாள் போல இருக்கிறது.]

வத்சலா பால்கனியிலிருந்து கீழ்வீட்டுக் கூலரைப் பார்த்தாள். [இது இருக்கட்டும்.]

அது டெங்கு ஆண்டு. வத்சலா தண்ணீர்த் தொட்டியை மூடினாள். பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்தாள். தன் வீட்டுக் கூலரின் தண்ணீரைக் கொட்டித் துடைத்துக் காயவைத்தாள். பிறகு கீழ்வீட்டு நீலத்திடம், கட்டடமே கேட்கும்படி, தஞ்சாவூர் வாடை போகாத இந்தியில் தினமும் சொன்னாள்: கூலரைக் காலி பண்ணு, இல்லையென்றால் மண்ணெண்ணெயாவது ஊற்று. "கல், தீதி" என்பாள் நீலம். நாளைக்கு அக்கா.

நவராத்திரி நடுவில் நீலத்தின் மகள் பிங்கிக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். மாமியார் நீலத்தைப் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டாள். "அந்த மதராஸிப் பொண்ணு தொண்டை கிழியச் சொன்னாளே, கேட்டியா? உன் சோம்பேறித்தனம் குழந்தையைப் படுக்கவெச்சிடுச்சு." நீலம் தலைகுனிந்து நின்றாள். மேலே கதவருகே நின்று வத்சலா கேட்டுக்கொண்டிருந்தாள். பத்ரியிடம் மட்டும், "சொன்னேனோன்னோ" என்றாள். பத்ரி அவள் கணவர்.

3

சரஸ்வதி பூஜையன்று மத்தியானம் வத்சலா தன் வீட்டுக் கொலுக்குளத்தில் புழு துள்ளியதைப் பார்த்தாள். காய்ச்சல் வரும்வரை தினமும் சாயங்காலம் பிங்கி பக்கத்தில் உட்கார்ந்து விரலால் அளைந்த தண்ணீர்.

"ஏன்னா, இங்க வந்து பாருங்கோ."

பத்ரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். "நாளைக்கு விஜயதசமி. அதுவரைக்கும் எதையும் நகர்த்தப்படாது."

"கூலரா இருந்தா மண்ணெண்ணெய் ஊத்தச் சொல்லுவேன்."

"கண்ணனுக்கு மண்ணெண்ணெய் அபிஷேகமா? நன்னாருக்கு. மேல ஒரு துணியைப் போடு. யார்கிட்டயும் உளறாதே."

"பிங்கிக்கு இதுலேர்ந்து..."

"அது அவா கூலர். ஊருக்கே தெரியும். நீதானே ஊருக்குச் சொன்னே?"

துணியைப் போட்டாள்.

[மருத்துவர் ஒருவரிடம் விசாரித்தேன். புழு கொசுவாகி, நோயாளி ஒருவரைக் கடித்து, கிருமி அதன் உடலில் முதிர்ந்து, அது பிங்கியைக் கடித்து, பிறகு காய்ச்சல் வரக் கொலு நாட்கள் போதாதாம். அந்தக் குளம் குற்றவாளி அல்ல. நீலத்தின் கூலர்தான் என்பதற்கும் சாட்சி இல்லை. வத்சலாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் நிம்மதியாக வாயை மூடிக்கொள்வாள். அதனால் நான் சொல்லவில்லை.]

4

சாயங்காலம் நீலம் வந்தாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து முகம் வற்றியிருந்தது. கையில் மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா. செருப்பைக் கழற்றிவிட்டுக் கொலுவைக் கும்பிட்டாள்.

"தீதி, உங்க பகவான் குளத்துத் தண்ணி கொஞ்சம் குடுங்க. பிங்கி கேக்கறா. தலையில தெளிக்கணும்."

வத்சலா குளத்தின் மேலிருந்த துணியைப் பார்த்தாள்.

"நீங்க எவ்வளவோ சொன்னீங்க. நான்தான் கேக்கலை. என் குழந்தையை நானே..."

அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கவில்லை.

5

வத்சலா சமையலறைக்குப் போய்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவருகிறாள். நீலம் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறாள். பத்ரிக்குப் பிடித்த முடிவு. எழுதிப் பார்த்தேன், சிரமமே இல்லாமல் வந்தது. அதுதான் உறுத்துகிறது.

அல்லது துணியை விலக்குகிறாள். "நீலம், இதைப் பாரு." நீலம் அழலாம். கையை ஓங்கலாம். கீழே போய் மாமியாரிடம் சொல்லிவிட்டு, பல நாளைக்குப் பிறகு உட்கார்ந்து ஒரு ரொட்டி தின்னலாம். மூன்றையும் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன்.

பிங்கி பிழைத்துக்கொள்கிறாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். குழந்தை பிழைத்ததைக் காட்டி வத்சலா தப்பிக்க வேண்டாம்.

நீலம் டப்பாவைத் திறந்து நீட்டிக்கொண்டிருக்கிறாள். சமையலறை நான்கு எட்டில் இருக்கிறது. துணி கைக்கெட்டும் தூரத்தில். எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் அந்த டப்பாவை வாங்கிக்கொள்ளுங்கள்.