நிலக்ஷியிடம் கேட்ட மன்னிப்பு

சுமன் சிறையிலிருந்து வந்து மாதங்கள் பல ஆகியும், அவனோடு சண்டை போட மனைவி சுதர்ஷினிக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. குடிப்பதில்லை. கை நீட்டுவதில்லை. அவள் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு லயத்து வீட்டுக்கு வருமுன்பே அடுப்பு மூட்டித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருப்பான்.

"ஜெயில்ல ஆள மாத்தி அனுப்பிட்டாங்க போல" என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் காளியாயி சிரித்தாள். சுதர்ஷினியும் சிரித்து வைத்தாள். மாற்றியது யார் என்பதுதான் அவளை முள்ளாகக் குத்தியது.

நிலக்ஷி. சிறைக்குள் போய்க் கைதிகளுக்கு நாடகம் பழக்கிய பெண். குடிவெறியில் ஓட்டோக்காரன் ஒருவனின் கையை முறித்துவிட்டு உள்ளே போன சுமனுக்கும் அவள்தான் பழக்கினாள். வெளியே வந்ததும் அவளுடைய தொண்டு நிறுவனமே அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. ஹட்டன் பஸ் நிலையத்தில் வேலைவெட்டியில்லாமல் நின்று போதைத் தூளுக்குப் பழகத் தொடங்கியிருந்த டவுன் இளைஞர்களைச் சேர்த்து, அவர்களை வைத்தே தெருநாடகம் போடுகிற வேலை. சுமனை அவர்கள் அண்ணே அண்ணே என்று சுற்றி வந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் அவன் வாயில் அதே பேர்தான். "கோவம் வந்தா மொதல்ல மூச்ச இழுத்து விடணும்னு நிலக்ஷி மிஸ் சொல்லுவாங்க." "நிலக்ஷி மிஸ் சீனி போடாமத்தான் குடிப்பாங்க."

"சோத்துல உப்பு கூடிருச்சுன்னாலும் அந்த மிஸ்ஸ கேட்டுத்தான் சொல்லுவீங்களோ?" என்றாள் ஒருநாள். அவன் வேடிக்கையென்று நினைத்துச் சிரித்தான்.

சனிக்கிழமை டவுனில் நாடகம் என்றதும் அவளும் புறப்பட்டாள். பெட்டியிலிருந்த பட்டுச்சேலையை எடுத்துக் கட்டி, பவுடர் பூசி, கனகாம்பரம் வைத்துக்கொண்டாள். நிலக்ஷியைப் பார்த்ததும் சப்பென்றாகிவிட்டது. கட்டையாக வெட்டிய தலைமுடி, வெளுத்துப்போன சட்டை, முகத்தில் பரு. நிலக்ஷி பேரழகியாக இருந்திருந்தால் சுதர்ஷினிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அழகுக்கு மயங்கினான் என்று திட்டித் தீர்த்திருக்கலாம். இவளிடம் வேறு என்னத்தைக் கண்டான்?

தூறலில் தப்பு முழங்கியது. கூட்டம் வளையமாக நின்றது. சுமன் குடிகாரக் கணவன், நிலக்ஷி மனைவி. கடைசிக் காட்சியில் அவன் ஈரத் தரையில் முழந்தாளிட்டான்.

"ஒன்ன அடிச்ச கை இது. நீ வாய் தொறக்கல. அது பயம்னு எனக்குத் தெரியல, சம்மதம்னு நெனைச்சேன். என்ன மன்னிச்சிரு தாயி."

அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நிலக்ஷி அவன் தோளைத் தொட்டுத் தூக்கினாள். கைதட்டல் அடங்க நேரமானது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சுதர்ஷினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனிடம் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் பீலியில் கொட்டும் தண்ணீரில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது சுமன் வந்து நின்றான்.

"நேத்து சொல்லாம வந்துட்டியே? நாடகம் பிடிக்கலையா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அடி வாங்குனது நானு, மன்னிப்பு வாங்குனது அவ."

"அது நடிப்பு, சுதா."

"நடிப்புக்கா அழுதீங்க? இத்தன மாசமா ஒரே வீட்ல இருக்கோம். அதுல ஒரு வார்த்த என்கிட்ட சொல்ல வாய் வரலையே!"

அவன் ஒரு வாளியைத் தண்ணீருக்குக் கீழே தள்ளி வைத்தான். "அவங்க என்ன வெறியில பாத்ததே இல்ல. அவங்க முன்னுக்கு நல்லவனா நிக்கிறது லேசு. அதோட, நான் மன்னிப்புக் கேட்டா அவங்க என்னா பதில் சொல்லுவாங்கன்னு தெரியும். நீ என்னா சொல்லுவேன்னு தெரியாதே."

"அப்ப இப்ப கேளுங்க."

அவன் முழந்தாளிடக் குனிந்தான்.

"வேணாம்! அது அவளுக்குப் போட்டது. நின்னுக்கிட்டே சொல்லுங்க."

நாடகத்தில் கொட்டிய பேச்சு ஒன்றும் சுமனுக்கு வரவில்லை. "அன்னைக்கு... தீவாளிக்கு மொத நாளு... ஒன் புருவம் கிழிஞ்சப்ப... வழுக்கி விழுந்துட்டேன்னு நீ ஆஸ்பத்திரில நர்ஸம்மாகிட்ட சொன்ன. நான் கதவுக்கு வெளியதான் நின்னேன். கேட்டுக்கிட்டே நின்னேன். உள்ள வந்து நான்தான் அடிச்சேன்னு..." அதற்குமேல் முடியவில்லை.

அவன் அங்கே நின்றான் என்பது அவளுக்கு இதுவரை தெரியாது. இது அந்த நாடகத்தில் இல்லை. நிலக்ஷிக்கும் தெரிந்திருக்காது. அந்த நினைப்பு முதலில் அவளுக்கு இனித்தது. இனித்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. பிறகுதான் அழுகை வந்தது.

அவள் அவனைத் தொட்டு ஆறுதல் சொல்லவில்லை. "அவ மாதிரி ஒடனே என்னால மன்னிக்க முடியாது" என்றாள்.

"சரி" என்றான் சுமன். போகாமல் நின்றான். அவள் துவைத்த கம்பளியின் ஒரு முனையை நீட்டினாள். இருவருமாகப் பிழிந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவன் புறப்படும்போது, "இன்னைக்கும் அவதான் பொண்டாட்டியா?" என்று கேட்டாள்.

"ஆமா. வேற யாரையாவது போடச் சொல்லவா?"

சொல்லுங்கள் என்று வாய்வரை வந்தது. அந்த டவுன் பையன்களையும், கண்ணைத் துடைத்த அந்த அம்மாவையும் நினைத்துக்கொண்டாள்.

"வேணாம். தூக்கி விடுறப்ப மட்டும் தோளத் தொட வேணாம்னு சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் எழும்பத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு ரொட்டி எடுத்து வைத்தாள்.