கதவுக்கு அந்தப் பக்கம்



மருந்துக் கிடங்குல பெட்டி கட்டுறவ நான். வேலைக்குப் போய்க்கிட்டே ஆன்லைன்ல கிடங்கு நிர்வாகம் படிச்சேன். இன்னிக்குக் கடைசிப் பரீட்சை. தேறினா கிடங்குப் பொறுப்பாளர் வேலை எனக்குத்தான்னு மேனேஜர் சொல்லியிருந்தாரு. இல்லேன்னா மாசக் கடைசியில வெளியாளைப் போட்டுடுவாங்க.

தனியா உட்கார்ந்து படிச்சா எனக்குத் தூக்கம்தான் வரும். அதுக்கு என் வீட்டுக்காரர்தான் ஒரு வழி கண்டுபிடிச்சாரு. அவர் பஸ் டிரைவர். சாயங்காலச் சமையல் அவரோடது. நான் உள்ளே துணி மடிச்சுக்கிட்டே கேள்வியைச் சத்தமா படிக்கணும், அவர் அடுப்படியிலிருந்து பதிலைக் கத்துவாரு. அதுக்குள்ள நான் முந்திக்கணும். முந்தலைன்னா பாத்திரம் கழுவுறது என் தலையில. பாடத்தை அரைகுறையா காதுல வாங்கிட்டு அந்த மனுஷன் அடிச்ச பந்தா இருக்கே, அப்பப்பா! ஆனா அந்தப் போட்டியிலதான் மத்த பேப்பர் எல்லாம் தேறினேன். இல்லேன்னு சொன்னா அது அநியாயம்.

பரீட்சை வீட்டிலேயே, கேமரா முன்னாடி. வேற குரலே கேட்கக் கூடாதாம். மனுஷன் காலையிலிருந்து பம்பரமா சுத்தினாரு. காலிங் பெல் வயரைக் கழட்டினாரு, குக்கரைத் தொடலை, பக்கத்து வீட்டுக்குப் போய் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னாரு. என்னை உள்ளே அனுப்பிட்டு, கதவைச் சாத்தி, வெளியே காவலுக்கு உட்கார்ந்தாரு.

எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டாச்சு. ஒரு தடவை சரிபார்த்துட்டு அனுப்பிடலாம்னு மேலேயிருந்து வந்தேன். பாழாப்போன பழக்கம், ஒரு கேள்வியை வாய்விட்டுப் படிச்சுட்டேன்.

"மருந்துக் கிடங்கில் எந்தச் சரக்கை முதலில் வெளியே அனுப்ப வேண்டும்?"

"முதல்ல வந்ததைத்தான் முதல்ல அனுப்பணும்!"

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கணீர்னு.

கம்ப்யூட்டர் திரை சிவப்பாச்சு. கேமரா வழியா கண்காணிக்கிற பொண்ணு, இன்னொருத்தர் பதில் சொல்லிட்டதால பரீட்சை ரத்துன்னு சொன்னா. எங்க வீட்டுப் பழக்கம்மா அது, அவர் வேணும்னு செய்யலைன்னு கெஞ்சிப் பார்த்தேன். அடுத்த வருஷம்தான் மறுபடி எழுதலாமாம். அதோட திரை அணைஞ்சு போச்சு.

கதவைத் திறந்தேன். வாயை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு நின்னாரு. முகத்துல ஈயாடலை. நாலு வார்த்தை நறுக்குனு கேட்கணும்னுதான் வந்தேன், அவர் முந்திக்கிட்டாரு.

கையை எடுத்துட்டு மெதுவா கேட்டாரு, "பதிலாவது சரிதானே?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல எனக்கு மனசு வரலை.

"இல்லீங்க. எது முதல்ல காலாவதியாகுமோ, அதைத்தான் முதல்ல அனுப்பணும். நான் அதைத்தான் போட்டிருந்தேன்."

அவர் அப்படியே தரையில உட்கார்ந்துட்டாரு.

"அப்போ நீ தேறியிருப்பே."

"தேறியிருப்பேங்க"ன்னேன். அப்பத்தான் எனக்கு அழுகை வந்துச்சு.