பதினொரு பேர் பாராட்டிய முடிவு

அண்ணன் இயக்குநர், தங்கை படத்தொகுப்பாளர், தயாரிப்பாளர் அவர்களுடைய சித்தப்பா. தண்ணீர்க்குழாய் வியாபாரத்திலேயே தலை நரைத்துப்போன அந்த மனிதர், அரசியல் மர்மப் படம் ஒன்றை எடுக்க ஒப்புக்கொண்டதே பெரிய காரியம். ஆனால், அந்தப் படத்தின் முடிவை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை.

கதையில் ஓர் அமைச்சர், தாம் செய்வித்த கொலையைக் காட்டிக்கொடுக்கும் கோப்பைத் திருடி எரித்துவிடுகிறார். பெண் அதிகாரி ஒருவர் இரண்டு மணி நேரம் அவரைத் துரத்துகிறார். அண்ணன் எழுதிய முடிவில் அமைச்சர் அகப்படுவதில்லை. பிரதமராகவே பதவியேற்று, மக்களாட்சியின் மாண்பைப் பற்றி ஏழு நிமிடம் உரையாற்றுகிறார். சித்தப்பா விரும்பிய முடிவில் அமைச்சர் கையில் விலங்கு. வீட்டு அமைதியை முன்னிட்டு இரண்டையும் படமாக்கி வைத்திருந்தார்கள்.

"கெட்டவன் மாட்டினாத்தான்டா ஜனங்க நிம்மதியா வீட்டுக்குப் போவாங்க."

"அவங்க நிம்மதியாப் போகக் கூடாதுன்னுதானே சித்தப்பா படமே எடுத்தேன்!"

மூன்று மாதம் இப்படியே இழுபறியாக இருந்தபின் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அண்ணனின் முடிவோடு படத்தை விமர்சகர்களுக்குக் காட்டுவது. அவர்கள் முடிவைக் குறை சொன்னால் விலங்கு, பாராட்டினால் பதவியேற்பு. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குள் திரையரங்குகளுக்குப் பிரதி போயாக வேண்டும். அண்ணனின் மூன்றாண்டு உழைப்பு அந்த ஒரு நூலில் தொங்கியது.

புதன்கிழமை காட்சிக்குப் பன்னிரண்டு விமர்சகர்கள் வந்தார்கள். சித்தப்பா இடைவேளையோடு கீழே இறங்கிப் போய், படம் முடிந்து வருகிறவர்களை வழியனுப்ப வாசலிலேயே நின்றுகொண்டார். அண்ணன் முதல் வரிசையில் இருந்தார். தங்கை வழக்கம்போலக் கடைசி வரிசையில் அமர்ந்து, திரையைப் பார்க்காமல் பார்ப்பவர்களைப் பார்த்தாள். எங்கே இருமுகிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்று கவனித்துத்தான் அவள் கத்தரி வைக்கும் இடத்தைத் தீர்மானிப்பாள்.

அரங்கம் ஆறாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் ஆறு பேருக்கு மேல் ஏற முடியாது. முதலில் விமர்சனம் வெளியிடுபவருக்குத்தான் வாசகர் கூட்டம் என்பது அத்தொழிலின் எழுதாத சட்டம். படம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் ஒருவர் பையை எடுத்து மடியில் வைத்தார். கூட்டத்தில் ஒரு மான் காதை நிமிர்த்தினால் போதும். மற்றவை காரணம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அமைச்சர் மேடையேறுமுன் பதினொரு பேரும் கதவைக் கடந்திருந்தார்கள்.

எஞ்சியவர் ஒருவரே. முழங்கால் வலிக்காரர். எல்லாரையும் குறை சொல்வதால் திரையுலகம் அவருக்குக் 'கஷாயம்' என்று பெயர் வைத்திருந்தது.

தம் வசனத்தைக் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்த அண்ணன், விளக்கு எரிந்ததும் திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் வாயடைச்சுப் போய் எழுந்து போயிட்டாங்க, பார்த்தியா?" என்றார் நெகிழ்ச்சியோடு. தங்கைக்கு அப்போது மறுத்துப் பேச மனம் வரவில்லை.

மறுநாள் காலை விமர்சனங்கள் வந்தன. 'அந்த முடிவைச் சொன்னால் பாவம்' என்றது ஒன்று. 'சொல்ல மாட்டேன், போய்ப் பாருங்கள்' என்றது இன்னொன்று. பதினொன்றும் முடிவைப் புகழ்ந்தன. பதினொன்றும் அதன் ரகசியத்தைக் கட்டிக்காத்தன. ஒருவர் மட்டும் உற்சாகத்தில் சற்று வழுக்கிவிட்டார்: 'நீதி வெல்லும் அக்கணத்தில் என் கண்கள் கலங்கின.'

அதைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார். "நீதி ஜெயிச்சுதாம்! உன் முடிவுல எங்கடா ஜெயிச்சுது? அவன் மனசுல ஓடுறது என் முடிவுதான்."

"அது தலைகீழாச் சொல்ற அழகு சித்தப்பா. உங்களுக்குப் புரியாது."

"குழாய்ல தண்ணி தலைகீழா ஏறாதுன்னு எனக்குப் புரியும்!"

பன்னிரண்டாவது விமர்சனத்தை அண்ணன் குப்பைக்கூடையில் போட்டிருந்தார். தங்கை எடுத்துப் படித்தாள். 'முடிவு சரியானது. ஆனால், பதவியேற்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் புன்னகைக்கும் இடத்திலேயே படம் முடிந்துவிட்டது. அதன்பிறகு ஏழு நிமிடம் இயக்குநர் பேசுகிறார்.'

"கிழவர் தூங்கியிருப்பாரு," என்றார் அண்ணன்.

தங்கைக்குத் தர்மசங்கடம். உண்மையைச் சொன்னால் பாராட்டுகள் பொய்யாகும், விலங்கு வந்துவிடும். சொல்லாவிட்டால் அந்த ஏழு நிமிடத்தில் ஊரே எழுந்து போய்விடும். கடிகாரம் மணி மூன்று என்றது. அவள் படத்தொகுப்பு அறையின் கதவைச் சாத்தி, இருவரையும் உட்கார வைத்து, கண் கலங்கியவருக்கே முதலில் தொலைபேசினாள். ஒலிபெருக்கியையும் போட்டுவிட்டாள்.

"ரொம்ப நன்றி சார். கடைசிக் காட்சியில உங்களுக்கு எது பிடிச்சுது?"

"அது... ஒளிப்பதிவும்மா. அபாரம்!"

"ஒளிப்பதிவுல எது சார்?"

"வெளிச்சம்."

"அமைச்சர் கடைசியா எங்க சார் நிக்கிறாரு?"

"அதைச் சொல்லிட்டா ரகசியம் போயிடுமேம்மா!"

"நான்தான் சார் அந்தப் படத்தை வெட்டி ஒட்டினேன். என்கிட்ட சொல்லலாம்."

இணைப்புத் துண்டிக்கப்பட்டது. அடுத்தவர் இசையைப் புகழ்ந்தார். அந்த இடத்தில் இசையே கிடையாது. மூன்றாமவர், தாம் சுரங்கப்பாதையில் போய்க்கொண்டிருப்பதாகத் தெளிவான குரலில் தெரிவித்தார். நான்காவது எண்ணை அழுத்துமுன் சித்தப்பா கை நீட்டித் தடுத்தார்.

"போதும்மா. சரக்கைப் பிரிச்சே பார்க்காம ரசீது போட்டிருக்கானுங்க."

அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. "யாருமே பார்க்கலையா?"

"ஒருத்தர் பார்த்தாருண்ணா. நீ குப்பையில போட்டவரு."

"அப்ப உடன்பாடு செல்லாது," என்று சித்தப்பா எழுந்தார். "விலங்கை மாட்டு."

"நில்லுங்க சித்தப்பா. நீங்க இந்த முடிவைப் பார்த்திருக்கீங்களா?"

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். "எழுதியிருந்ததைப் படிச்சேன்ல."

"அதாவது, பார்க்கலை."

"கீழ வாசல்ல யாரு நிக்கிறது? உங்க அண்ணனா நின்னான்?"

தங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, ஏழு நிமிஷத்தை எடுத்துடறேன். கண்ணாடியோட நிறுத்திச் சித்தப்பாவுக்குக் காட்டுறேன். இல்லேன்னா விலங்குதான்."

"அந்தப் பேச்சை நாப்பது தடவை திருத்தி எழுதினேன்டி."

"தெரியும். நாப்பது தடவையும் நான்தானே கேட்டேன்."

அண்ணன் விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்து, பேச்சின் தொடக்கத்திலிருந்து இறுதிவரை தாமே குறித்து, தாமே நீக்கினார்.

தங்கை சித்தப்பாவை மறுபடி உட்கார வைத்துக் காட்சியை ஓட்டினாள். அமைச்சர் உறுதிமொழியின் கடைசிச் சொல்லைச் சொன்னார். கரவொலி எழுந்தது. பெண் அதிகாரியும் கூட்டத்தோடு எழுந்து நிற்க வேண்டியிருந்தது. அமைச்சர் கண்ணாடியைக் கழற்றினார், நிதானமாகத் துடைத்தார், கூட்டத்தில் அவளைக் கண்ணால் தேடிப் பிடித்துப் புன்னகைத்தார். திரை இருண்டது.

சித்தப்பா இருண்ட திரையை நோக்கிக் குனிந்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அவனை யாரும் ஒண்ணும் கேட்கலையா?"

"இல்லை."

சித்தப்பா நாற்காலி பின்னால் சாய எழுந்தார். "சிரிக்கிறான்டா! அந்தப் பொண்ணைப் பார்த்துச் சிரிக்கிறான்! செஞ்சதெல்லாம் செஞ்சுட்டுக் கண்ணாடி துடைக்கிறான், படவா!" திரையை நோக்கி விரலை ஆட்டினார். அறைக்குள் இரண்டு முறை நடந்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்ததைக் குடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப விலங்கை மாட்டிடலாமா சித்தப்பா?" என்று அண்ணன் ஈனக்குரலில் கேட்டார்.

"என்னடா மாட்டுறது? எனக்கு இன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. நான் மட்டும் ஏன்டா முழிச்சுக் கிடக்கணும்? ஊரே முழிக்கட்டும். இப்படியே அனுப்பு!"

மணி ஐந்தரைக்குப் பிரதி புறப்பட்டது.