எட்டு சிப் ரெகுலேட்டர்

நெங்கா மூன்றாவது ரெகுலேட்டரையும் செய்து முடித்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். இரைச்சல் அப்படியே இருந்தது.

பெரிய இரைச்சல் ஒன்றும் இல்லை. வாணலியில் எண்ணெய் காயும்போது அடியிலிருந்து எழுமே, அந்த மாதிரி மெல்லிய ஒரு 'ஸ்ஸ்ஸ்'. வேறொருவராக இருந்தால் பாட்டைப் போட்டுவிட்டு மறந்திருப்பார். நெங்கா அப்படிப்பட்ட ஆளில்லை. எங்கள் தென்பசார் நகரத்தில் சொந்தக் கையால் ஆம்ப் செய்கிற பைத்தியங்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அந்த நாற்பது பேருக்கும் காது என்றால் நெங்காவின் காதுதான். யார் எதைச் செய்தாலும் அவரிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் தலையாட்டினால் செய்தவனுக்குக் கால் தரையில் பாவாது. உதட்டைப் பிதுக்கினால் அன்றிரவே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடுவான். ஹோட்டலில் முப்பது வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். பேட்டைச் சபையான பஞ்சாரில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை, வீட்டிலும் பெரிதாக இல்லை. குழுவில் மட்டும் அவர் வைத்ததுதான் சட்டம்.

இந்த ரெகுலேட்டர் ரெக்கார்ட் பிளேயரின் ஆம்புக்கு மின்சாரம் கொடுப்பது. முள்ளிலிருந்து வருகிற ஒலி அவ்வளவு சன்னமானது. கொடுக்கிற மின்சாரம் இம்மி நடுங்கினாலும் அந்த நடுக்கமும் பாட்டோடு சேர்ந்து காதுக்கு வந்துவிடும். அதனால் இரைச்சலே போடாத சிப்பாகத் தேடி வாங்க வேண்டும். எறும்பு அளவு சிப், பூதக்கண்ணாடி வைத்துத்தான் ஈயம் வைக்க முடியும். அதைப் பக்கத்தில் பக்கத்தில் கூட்டிக்கொண்டே போனால் இரைச்சல் குறைய வேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. நெங்கா முதலில் இரண்டு வைத்தார். பிறகு நான்கு. இப்போது எட்டு. 'ஸ்ஸ்ஸ்' ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை.

டிரான்ஸ்ஃபார்மரை அடுத்த அறைக்கு மாற்றிப் பார்த்தார். எர்த் ஒயரைப் பிடுங்கி வேறு வழியாக இழுத்தார். கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றினார். அளவுக் கருவியை வைத்தால் திரையில் கோடு தூங்குகிற குழந்தை மாதிரி அசையாமல் கிடந்தது. "கருவிக்குக் காதா இருக்கு?" என்று அதை அணைத்து வைத்தார். கடைசியில் ஒரே முடிவுக்குத்தான் வர முடிந்தது. சிப் போலி.

சிப் வாங்கியது கோமாங் கடையில். பத்துப் பதினைந்து வருடப் பழக்கம். நெங்கா நேராகப் போய் போர்டை மேஜை மேல் வைத்தார்.

"ஏம்ப்பா, எனக்கேவா போலியத் தள்ளுவ?"

கோமாங் சிரித்தான். "காலங்காத்தால என்ன ப்ளி, காபி குடிக்கலயா?" அண்ணனையும் கணவனையும் எங்கள் தீவில் 'ப்ளி' என்றுதான் கூப்பிடுவோம்.

"வெளையாடாத. எட்டு வச்சும் இரையுது. பேரச் சொரண்டிட்டு வேற பேர அடிச்சு விக்கிற சரக்கு இது."

சிரிப்பு நின்றுவிட்டது. "ப்ளி, இந்தச் சிப் ரீல நானே பிரிச்சேன். நானும் ஒண்ணு செஞ்சு கேட்டேன். சுத்தமா இருக்கு. பதினெட்டுப் பேர் வாங்கிட்டுப் போயிருக்காங்க, ஒருத்தர் வாயத் தெறக்கல."

"அவனுங்களுக்குக் காது இருந்தாத்தான?"

"சரி, எனக்கும் இல்லனே வச்சுக்குங்க. கருவியில பாத்தீங்களா?"

"கருவிய நீ கேளு, பாட்ட நான் கேக்கறேன்," என்று போர்டை எடுத்துக்கொண்டு நெங்கா வெளியே வந்துவிட்டார். வந்த சூட்டோடு குழுவில் எழுதினார்: கோமாங்கிடம் சிப் வாங்காதீர்கள், போலி, எட்டு வைத்தும் இரைகிறது.

மனிதர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை யாருக்கும் கேட்காத இரைச்சல் அன்று சாயந்திரத்துக்குள் ஒன்பது பேருக்குக் கேட்க ஆரம்பித்தது. முதலில் பல் டாக்டர் ஓகா: "ஆமா ப்ளி, இப்ப கவனிச்சுக் கேட்டா எனக்கும் லேசா கேக்குது." பிறகு ஆளாளுக்கு. ஒருவருக்கு இடது காதில், ஒருவருக்கு மழை பெய்யும்போது. நெங்காவுக்குக் கேட்டது தனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? சிப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் கையோடு மற்ற சாமான்களையும் திருப்பினார்கள். கோமாங் குழுவில் நீளமாக ஒரு விளக்கம் எழுதினான். யாரும் பதில் போடவில்லை. ஒரே மாதத்தில் கடையில் ஈ ஓட்டுகிற நிலை. மச்சான் பக்கத்துத் தீவான லொம்போக்கில் ரைஸ்மில் வைத்திருக்கிறான், கோமாங்கும் அங்கே போய்விடப் போகிறான் என்று பேச்சு அடிபட்டது.

அப்போது கோமாங்கே கடைசியாக ஒரு வழி சொன்னான். 'அடுத்த வாரம் நியெப்பி. ஊரில் ஒரு மோட்டார் ஓடாது, ஒரு ஏசி ஓடாது, கரண்ட் லைனில் எந்தக் குப்பையும் இருக்காது. ப்ளி அன்றைக்கு பேட்டரியில் போட்டுக் கேட்கட்டும். அன்றைக்கும் இரைந்தால் நான் போலி விற்றவன்தான். கடையை எடுத்துவிடுகிறேன்.' குழு மொத்தமும் கைதட்டி ஒப்புக்கொண்டது. நெங்காவும் ஒப்புக்கொண்டார். புது வருடத்துக்காகத் தீவு முழுக்க வாயை மூடிக்கொள்கிற நாளில் இரைச்சலைக் கேட்டுப் பார்ப்பது என்கிற யோசனை எங்கள் ஊர் ஆம்ப் பைத்தியங்களுக்கு மட்டும்தான் வரும்.

முந்தின நாள் பேய்ப்பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு பஞ்சார் பஞ்சாராகத் தாளம் முழங்க ஊர்வலம் போய் அடங்கியது. விடிந்தபோது நியெப்பி. அடுப்பில்லை, விளக்கில்லை, தெருவில் காவல் பார்க்கிற பெச்சாலாங் ஆட்களைத் தவிர ஒரு தலை இல்லை. போனில் நெட்டும் செத்துவிட்டது.

நெங்கா பின்னறையில் இரண்டு பைக் பேட்டரியை எடுத்து வைத்தார். விரதத்தில் இருந்த மனைவி ரஸ்மினி வாசலில் வந்து நின்றாள்.

"இன்னிக்கு வேலையும் செய்யக் கூடாது, கேளிக்கையும் கூடாது. தெரியுமில்ல?" என்றாள் மெதுவாக.

"என்ன?"

"வேலையும் கூடாது, கேளிக்கையும் கூடாது!"

"ஏதாச்சும் இரையுதான்னு பாக்கறது என்ன கேளிக்கை? ஒயர் மாட்டறதெல்லாம் நேத்தே முடிஞ்சுது. சுவிட்ச் போடறது வேலையில்ல."

"சாமிகிட்ட இந்த வாயக் காட்டுங்க," என்று அவள் போய்விட்டாள்.

ஹெட்ஃபோனை மாட்டி சுவிட்சைப் போட்டார். ஸ்ஸ்ஸ். முன்னைவிடத் தெளிவாக, பளிச்சென்று. நெங்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மாட்டினாயா கோமாங், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். கடை போனால் போகட்டும், என் காது பொய் சொல்லவில்லை.

கையோடு கையாக இன்னொன்றையும் பார்த்துவிடலாம் என்று சுவிட்சை அணைத்துவிட்டு, பழைய சாதா ரெகுலேட்டரை எடுக்கக் கை நீட்டினார். ஸ்ஸ்ஸ்.

கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சம் இருக்கும் என்று நினைத்தார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஸ்ஸ்ஸ். ஹெட்ஃபோனின் ஒயரை ஆம்பிலிருந்து உருவிக் கையில் பிடித்துக்கொண்டார். அந்த ஒயரின் முனை அவர் உள்ளங்கையில் கிடந்தது, உலகத்தில் எதோடும் ஒட்டாமல். ஸ்ஸ்ஸ். ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து, முற்றத்தில் குலசாமி கோயிலுக்கு முன்னால் வெயிலில் நின்றார். அங்கேயும் அதேதான்.

"ரஸ்மினி," என்று கூப்பிட்டார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. "இங்க ஏதோ இரையுதே. உனக்குக் கேக்குதா?"

அவள் வந்து பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். "எங்க? ஒண்ணும் இரையலயே. மூணாவது தெருவுல ஒரு நாய் ஊளையிடுது. வாளியில தண்ணி சொட்டுது. இதோ, தலைக்கு மேல பல்லி கத்துது."

நெங்கா நிமிர்ந்து பார்த்தார். கோயில் கூரை ஓரத்தில் பெரிய பல்லி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் தொண்டை ஏறி ஏறி இறங்கியது. அவருக்கு நாய் கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, பல்லியும் கேட்கவில்லை. இரைச்சல் மட்டும் கேட்டது. அது மண்டைக்குள் இருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து பஞ்சார் வாத்தியக் குழுவில் முகத்துக்கு நேராக வெண்கலத் தாளத்தை அடித்தவர். சேர்ந்து அடித்த பெரியவர்கள் எல்லோரும் கடைசிக் காலத்தில் கத்திக் கத்திப் பேசினார்கள். தனக்கும் அது வரும் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை.

படியில் உட்கார்ந்தார். சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டார். ரஸ்மினி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதுக்கு அருகில் வந்து சொன்னாள்:

"ரெண்டு வருஷமா நான் ஒண்ணுக்கு மூணு தடவ கூப்பிடறேன். நீங்க திரும்பறதே இல்ல. எம்மேல ஏதோ வெறுப்புன்னு நெனச்சேன் ப்ளி. நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு அழுதிருக்கேன்."

நெங்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பையன் பாவம்," என்றாள் அவள். "நாளைக்கு மன்னிப்புக் கேக்கற நாள். மொத வேலையா கோமாங் வீட்டுக்குப் போய்ச் சொல்லிடுங்க."

"போறேன்," என்றார். அப்போது உண்மையாகவே போவதாகத்தான் இருந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நெட் உயிர் பெற்றது. போன் மேஜை மேல் துள்ளித் துள்ளி நகர்ந்தது. 'ப்ளி, கேட்டதா?' 'தீர்ப்பு சொல்லுங்க!' 'நியெப்பியில் நெங்கா காதுக்குத் தப்புவது ஏது!' பல் டாக்டர் கும்பிடுகிற படம் ஒன்றைப் போட்டு, 'நீங்கள் சொல்வதே முடிவு' என்று எழுதியிருந்தார்.

நெங்கா எழுதினார்: 'சிப் நல்ல சிப். கோளாறு என் காதில்தான்.' எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இதை அனுப்பிவிட்டால் நாளைக்கு யார் எதைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வருவார்கள்? இத்தனை வருடம் அவர் நல்லதென்றும் கெட்டதென்றும் சொன்ன அத்தனையையும் எடுத்து வைத்துச் சிரிப்பார்கள். செவிட்டுக் கிழம் என்பார்கள். கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். பிறகு, 'நேற்றும் இரைச்சல் கேட்டது' என்று மட்டும் எழுதி அனுப்பினார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய்யை விட அது கேவலம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

ஒன்பது மணி இருக்கும். வாசலில் கோமாங் வந்து நின்றான். வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டியிருந்தான், கையில் பலகாரத் தட்டு. ரஸ்மினி காபி எடுத்து வந்தாள். புருஷன் என்ன எழுதினார் என்று அவளுக்குத் தெரியாது. அவன் தானே வந்துவிட்டதில் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"உக்காருப்பா. அவரே ஒன் வீட்டுக்கு வர்றதா இருந்தாரு."

"இல்ல எம்போக், வரவேண்டியவன் நான்தான்." அவளை அக்கா முறை சொல்லி அழைத்த கோமாங், தட்டை வைத்துவிட்டு நெங்காவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். "ப்ளி, பாத்தேன், நீங்க எழுதினத. எனக்குக் கேக்கல, எத்தன தடவ கேட்டாலும் கேக்கல. ஆனா நியெப்பியிலயே உங்க காதுக்குக் கேட்டிருக்குன்னா அது இருக்கத்தான் செய்யும். என்னைய எவனோ ஏமாத்தியிருக்கான், நான் உங்கள ஏமாத்தியிருக்கேன். அதோட கடையில வச்சு எதுத்து வேற பேசிட்டேன். ரீல் முழுசையும் காலையில சுத்தியலால நசுக்கிட்டேன். கடைய ஒழிச்சுட்டு அடுத்த வாரம் லொம்போக் கெளம்பறோம். மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. என்னைய மன்னிச்சுடுங்க ப்ளி."

சத்தமாகத்தான் சொன்னான், ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. ரஸ்மினியின் கையில் காபித் தம்ளர் நின்றது. அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல், அவர் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தாள்.

நெங்கா குனிந்து கோமாங்கின் தோளில் கை வைத்தார். அவனை மன்னித்துவிட்டதாகச் சொன்னார்.