மீன் தொட்டியின் நடுக்கால்

குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. இடுப்பில் யாரோ உளியை வைத்துத் தட்டிக்கொண்டே இருப்பது போல ஒரு வலி. அக்கா வீட்டுக்காகச் செய்த மீன் தொட்டி ஸ்டாண்டை ஒற்றை ஆளாக மூன்றாம் மாடிக்குச் சுமந்ததில் பிடித்துக்கொண்டது. மூன்று வாரமாகியும் விடவில்லை. இப்போது அதே படிகளில் கைப்பிடியைப் பற்றிப் பற்றித் தச்சன் ஏறினான்.

விடிந்ததும் அக்கா போனில் சொல்லிவிட்டாள்: "தொட்டி உடைஞ்சு போச்சுடா. வந்து பாரு."

அவள் வைத்த கையோடு அவளது எதிர்வீட்டு டாக்டரம்மா அழைத்தார். "சமையலறை அலமாரி வேலை வேண்டாம்ப்பா. ஸ்டாண்ட் வளைஞ்சுதான் தொட்டி வெடிச்சதாம். உங்க மாமாவே சொல்றாரு." அந்த அலமாரி வேலை இரண்டு மாதச் சோறு. அதைவிட, அந்த அம்மா வாய் திறந்தால் கட்டடம் முழுக்கப் பரவும்.

வீடெல்லாம் ஈரம். மீன்கள் வாளியிலும் குக்கரிலும் வாயைத் திறந்து திறந்து மூடின. கீழ்வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் வீட்டுக் கூரை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் கணவர், மாமா, சோபாவில் காலைத் தூக்கி வைத்திருந்தார்.

"வா மாப்ள. உன் வேலை லட்சணத்தைப் பாரு."

"சொந்தக்காரன்னு வேலை குடுத்தா இப்படித்தான்," என்றாள் கீழ்வீட்டுக்காரி.

தச்சன் பையை இறக்கி வைத்தான். முட்டி போட்டு ஸ்டாண்டின் கதவைத் திறந்தான். நடுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் தொட்டித் தண்ணீரை வடிகட்டும் ஒரு பெரிய நீல வாளி, குழாயோடு. மேல்சட்டம் சுண்டுவிரல் அளவு தொங்கியிருந்தது. கண்ணாடி அந்த இடத்தில்தான் விரிசல் விட்டிருந்தது.

இந்தக் காலுக்காக ஸ்டாண்ட் வைத்த அன்றைக்கே சண்டை. கதவைத் திறந்தால் நடுவில் கட்டை அசிங்கமாக நிற்கிறது என்று மாமா ஒரு மணி நேரம் வாதாடினார். தச்சன் மசியவில்லை. ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்து, காலை நிறுத்தி, ஆணி அடித்துவிட்டுத்தான் இறங்கினான்.

"நடுக்கால் எங்க மாமா?"

"எந்தக் காலு? நீ வெச்சிருந்தாத்தானே இருக்கும்."

தச்சன் தலையை உள்ளே நீட்டி மேலே பார்த்தான். தண்ணீர் புழங்கும் இடமென்று உள்ளே ஒரு மூலை விடாமல், நடுக்காலையும் சேர்த்து, சிவப்பு பிரைமர் இரண்டு பூச்சுப் பூசியிருந்தான்.

"நீங்க கொஞ்சம் வாங்கம்மா," என்று கீழ்வீட்டுக்காரியைக் கூப்பிட்டான். "குனிஞ்சு மேல பாருங்க. என்ன தெரியுது?"

அவள் எட்டிப் பார்த்தாள். "எல்லாம் செவப்பா இருக்கு. நடுவுல மட்டும் வெள்ளையா, பிசிறு பிசிறா."

"பெயின்ட் காஞ்சதுக்கப்புறம் அறுத்த இடம். அதுவும் ரம்பம் பிடிக்கத் தெரியாத கை."

மாமா காலைக் கீழே இறக்கினார். பால்கனியில் ஏதோ உருளும் சத்தம். பூச்செடிக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையைப் பிடுங்கி வந்து அக்கா நடு ஹாலில் போட்டாள். மூன்று பக்கம் சிவப்பு, நான்காம் பக்கம் மண்.

"வாளி நுழையலன்னு நீங்கதானே அறுத்தீங்க? எந்த வாயால அவனைச் சொல்றீங்க?"

"அறுத்தப்புறமும் நாலு நாள் நல்லாத்தான்டி நின்னுச்சு," என்றார் மாமா.

"தண்ணியோட தொட்டி ஏழு மூட்டை சிமென்ட் எடை மாமா. நடுக்காலை எடுத்துட்டா அது ஸ்டாண்டா, ஊஞ்சலா?"

கீழ்வீட்டுக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா அவளைப் பார்க்காமல், "நான்தான் அறுத்தேன். கூரைக்கு வெள்ளையடிச்சுக் குடுக்கறேன்," என்று தரையிடம் சொன்னார். பிறகு குரலை இறக்கினார். "சரி விடு மாப்ள. குடும்பத்துக்குள்ள என்ன. புதுசா ஒரு கால் வெச்சுக் குடு."

"வெக்கிறேன். மொதல்ல எதிர்வீட்டுக்கு வாங்க. இப்ப சொன்னதை அந்தம்மாகிட்டயும் சொல்லுங்க."

"அவங்ககிட்டயா? மானம் போயிடும்டா."

"எனக்குப் போச்சே மாமா. அது திரும்பி வருமா?"

மாமா எழுந்திருக்கவில்லை. தச்சன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். வலி ஒவ்வொரு படியிலும் பல்லைக் கடிக்க வைத்தது.

அடுத்த வாரம் வேறொரு தச்சனின் ஆட்கள் டாக்டரம்மா வீட்டுக்கு ஒட்டுப்பலகை ஏற்றினார்கள். அக்காதான் சொன்னாள். எதிர்க்கதவுக்கு எட்டு அடி தூரம். மாமா இன்னும் போய்த் தட்டவில்லை. "நான்தான் அறுத்தேன்" என்ற இரண்டு வார்த்தை, அந்த வாசலில் வைத்து, தச்சனுக்கு அவர் தர வேண்டிய பாக்கி.